சாமி தூக்கத் தூளோ, கம்மியோ?

சப்ளிமெண்ட் கடை நடத்திறவனுக்கு உடம்பு தேவையில்லை, வாய் இருந்தால் போதும். லண்டன் நோர்பரியில இருக்கிற என்ர கடைக்கு வாற எங்கட சனம் கேக்கிறது ஒரே கேள்விதான்: தசைக்குப் பலம் தாற கிரியேட்டினைத் தூளாய்க் கரைச்சுக் குடிக்கிறதோ, கம்மி எண்ட ஜெலி இனிப்பாய்ச் சப்புறதோ? நாள் முழுக்க ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக் களைச்ச சக கடைக்காரரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன்.

தோள் விட்ட கதை

சிவம் அண்ணை ஜெர்மனியில இருந்து வந்தவர். கோயில் திருவிழாவில சாமி தூக்குறவர். சாமியைக் காவுற முன் கொம்பில வலப்பக்கம் அவற்ற இடம். போன வருசம் அரை வீதியில தோள் விட்டிட்டுது, வேற ஒருத்தர் பூந்து தாங்கினார். மனுசன் உடைஞ்சு போனார். இந்த முறையும் விட்டால் இடம் போயிடும்.

உடனே ஜிம்மில சேர்ந்தார். தூளைக் கலக்கிக் குடுத்தன், பல்லில நறநறக்குதாம். கம்மியைக் குடுத்தன். ஒண்டைச் சப்பிப்போட்டு என்னைச் சந்தேகமாய்ப் பார்த்தார்.

"தம்பி, இது பேர்த்டே பார்ட்டிச் சாமானெல்லோ? இதைத் திண்டு பிள்ளையாரைத் தூக்கேலுமே?"

மாலா அக்காவின்ர கண்ணாடி

கொடியேறி விரதமும் தொடங்கீட்டுது. ஒரு பின்னேரம் அண்ணையும் மனுசி மாலா அக்காவும் கடைக்குள்ள வந்தினம். அண்ணையின்ர முகத்தில ரத்தமில்லை. கையில, என்ர கடையில விலை கூடவெண்டு ஆன்லைனில மலிவாய் எடுத்த கம்மிப் போத்தல், டிசு பேப்பரால சுத்தினபடி. அக்கா கண்ணாடியைப் போட்டு வாசிச்சுப் பார்த்திருக்கிறா: மாட்டு ஜெலட்டின்.

"விரதத்தில மாடு திண்டிட்டன், இனி எப்பிடிச் சாமியைத் தொடுறது?" எண்டு அண்ணை அழுதே விட்டார். கோயில் ஐயருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில விட்டன். அவர் எல்லாத்தையும் ஆறுதலாய்க் கேட்டார்.

"தெரியாமல் திண்டது குற்றமில்லை, முழுகிப்போட்டு வந்து தூக்கும். அது சரி, அந்தத் தூள் முழங்கால் நோவுக்குக் கேக்குமோ?"

ஒரே நிறம், ரெண்டு பேணி

அண்டு தொடக்கம் அண்ணை தூளுக்கு மாறீட்டார். பெரிய டப்பா ஜிம் பைக்குள்ள அடங்காதெண்டு அக்கா அதைப் பழைய திருநீற்றுப் பேணியில போட்டுக் குடுத்தவ.

தேருக்கு முதல் நாள் சாமி வீதி சுத்தேக்க நான் அவருக்குப் பின்னால தோள் குடுத்து நிண்டன். போன வருசம் தோள் விட்ட மூலை வந்தது. அண்ணை அசையேல்லை, கடந்து போனார். முழு வீதியும் சுத்தி சாமியை இறக்கேக்க திரும்பிச் சிரிச்சார், கண்ணெல்லாம் தண்ணி. அப்பதான் அவற்ற நெத்தியைப் பார்த்தன். திருநீற்றுக் குறி மூண்டும் சீனி மாதிரி மினுங்குது. என்ர கடைச் சாமானை எனக்குத் தெரியாதோ?

"அண்ணை, அவசரத்தில பேணி மாறீட்டுது, நெத்தியில கிரியேட்டின்!" எண்டன் காதுக்குள்ள.

"சத்தம் போடாதை தம்பி. உள்ளுக்குப் போனதை விட வெளியில பூசினதுதான் வேலை செய்திருக்கு."

இப்ப ஆர் வந்து கேட்டாலும் நான் சொல்லுறது இதுதான்: தின்ன எது திறமெண்டு எனக்குத் தெரியாது, பூசத் தூள்தான் வசதி.