மணலில் படகிழுத்த ஜீப்

என் வீட்டுக்காரர் கபாலிக்கு வலை பின்னத் தெரியும், நீந்தத் தெரியும், கடலுக்குப் போக மட்டும் தெரியாது. படகில் ஏறினால் போதும், குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு இப்படியும் ஒரு ஆம்பளை! திருவான்மியூர்க் குப்பத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்காத வாய் கிடையாது.

கோடம்பாக்கத்தில் ஷூட்டிங் வேன் ஓட்டினார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஏலத்தில் ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கிவந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. கரைக்கு வந்த படகில் கயிற்றைக் கட்டி மணல்மேட்டில் ஏற்றிவிடுவதுதான் வேலை. சிரித்தவன் எல்லாம் அப்புறம், "கபாலிண்ணே, நம்ம படக கொஞ்சம் இஸ்த்து வுடுண்ணே" என்று வாசலில் வந்து நின்றான். அன்றைக்குத்தான் என் புருஷன் இந்த ஊரில் ஒரு மனுஷன் ஆனார்.

போன மழைக்காலத்தில் அந்த ஜீப் படுத்துவிட்டது. கியர் பாக்ஸில் பல் உதிர்ந்துபோனது. பின்சக்கரங்களைச் சுழற்றிவிடும் டிஃப்ரன்ஷியலும் அதோடு சேர்ந்து அரைபட்டுவிட்டது. படகு காத்திருக்குமா? ஊரில் ஒரு டிராக்டரை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். ஊர்த்தலைவர் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"பொங்கலுக்குள்ள வண்டிய இட்டாந்துடு கபாலி. இல்லாங்காட்டி டிராக்டரையே வாங்கிடலாம்னு பசங்க சொல்றானுங்க. அப்பால என்னைய குத்தம் சொல்லாத."

அதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆழ்வார்பேட்டைச் சந்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் ஷாஹுல் ஹமீது பாயிடம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டை முழுக்க அலைந்து ஒரு கடையில் கியர் பாக்ஸும் இன்னொரு கடையில் டிஃப்ரன்ஷியலும் பிடித்தார். எல்லாம் பழசுதான். அவர் வண்டியைப் போலவே இன்னொரு ஜீப்பிலிருந்து கழற்றியது என்றார்கள்.

மாட்டி முடித்ததும் பாய் சொல்லியிருக்கிறார்: "கபாலி, வண்டிய ஜாக்கில ஏத்தி, வீலுல சாக்பீஸ் கோடு போட்டு சுத்திப் பாத்துடுவோம். முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே கணக்கா கீதான்னு தெரிஞ்சுடும்."

"அதே கம்பெனி, அதே ஜீப்பு, இன்னாத்த பாக்குறது பாய்? நாளைக்கி போகி. உடு, நான் கெளம்புறேன்."

அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலம்! பாயும் விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் வாசலில் ஹாரன் அடித்து என்னைக் கூப்பிட்டார். "ஏறுடி சூடாமணி!" கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்னை அந்த வண்டியில் சும்மா ஏற்றிப் போனதே இல்லை. மீன் நாற்றமும் டீசல் நாற்றமுமாகக் கடற்கரைச் சாலையில் பறந்தோம். முன்பெல்லாம் கட்டைவண்டி மாதிரி முக்கிக்கொண்டு போகும். இப்போது கார்களை முந்தியது.

"பாத்தியா? கியர் பாக்ஸு மாத்துனதும் சும்மா கிளி மாதிரி பறக்குது!" என்று அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கண் படப்போகிறது என்று நினைத்தேன். பாவி மனசு, அதையா நினைக்க வேண்டும்?

மறுநாள் விடிந்ததும் குப்பமே கரையில் நின்றது. முதலில் வந்தது என் தம்பியின் படகு, நிறைய மீனோடு. இவர் கயிற்றைக் கட்டினார். நாலு சக்கரமும் இழுக்கும்படி குட்டிக் கியரைப் போட்டார். தார் ரோட்டில் அதைப் போடக்கூடாது என்பதால் ரிப்பேருக்கு அப்புறம் அன்றுதான் முதன்முதலாகப் போட்டார். ஜீப் முன்னால் போகாமல் துள்ளியது. விடாமல் இழுத்தார். படகு பாதி ஏறியபோது அடியில் பாறை பிளந்த மாதிரி ஒரு சத்தம். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற பெட்டி உடைந்து எண்ணெய் மணலில் கொட்டியது. ஜீப் பின்னால் சறுக்க, படகு அலையில் போய்க் குறுக்கே விழுந்தது. மீன் மொத்தமும் கடலுக்கே போனது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். டிராக்டர் வந்து படகை இழுத்தது. அப்புறம் ஜீப்பை இழுத்தது. கொக்கியை மாட்டியது இவர்தான்.

மத்தியானம் பாய் வந்து வண்டியின் கீழே படுத்துப் பார்த்தார். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "ரோட்டுல முன்னவிட ஸ்பீடா போச்சா?"

"ஆமா பாய். பறந்துச்சு."

"பின்னாடி போட்ட டிஃப்ரன்ஷியலு வேற பல் கணக்கு, கபாலி. பின்வீலு வேகமா ஓடுது, முன்வீலு மெதுவா ஓடுது. ரெண்டையும் ஒண்ணா பூட்டுனா பெட்டி தாங்குமா? அந்த ஸ்பீட எங்கிட்ட சொல்லியிருந்தா அப்பவே புடிச்சிருப்பேனே!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை இவரைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் அவர் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டேன். நாங்கள் சந்தோஷமாகப் போன ஒரே ஒரு சவாரி, அதுவும் கோளாறில் வந்த சந்தோஷமா கடவுளே!

பாய் கைவிடவில்லை. சரியான டிஃப்ரன்ஷியலைத் தேடிப் பிடித்து, உடைந்த பெட்டிக்கும் வேறு பெட்டி போட்டு, இந்த முறை கோடு போட்டுச் சுற்றிப் பார்த்துத்தான் அனுப்பினார். மாசி பிறந்துவிட்டது. வண்டி பழையபடி முக்கிக்கொண்டு போகிறது, நாலு சக்கரமும் யானை மாதிரி இழுக்கிறது. ஆனால் ஊரில் டிராக்டரை வாங்கிவிட்டார்கள். "பசங்க பயப்படுறானுங்க கபாலி" என்றார் தலைவர்.

இவர் தினமும் விடிகாலையில் ஜீப்பைக் கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறார். நேற்றும் போய்க் கூப்பிட்டேன்.

"சோறு ஆறுது, வாய்யா."

"இரு. எஞ்சின் சூடா இருக்கட்டும்."

"யாருய்யா உன்னக் கூப்ட்டாங்க?"

"கூப்புடல. கூப்ட்டா ஒடனே இழுக்கணும்ல?"

டிராக்டர் கடைசிப் படகையும் மேலே ஏற்றிவிட்டது. அவர் எஞ்சினை நிறுத்தவில்லை.