கண்ணாடியில் தாத்தாவின் பெயர்

அப்பா ரப்பர் தோட்ட வேலையை விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸில் சொந்தமாகத் தையல் கடை போட்டபோது எனக்கு ஒன்பது வயது. தோட்டத்திலேயே இறந்துபோன தாத்தாவின் பெயரைத்தான் கடைக்கு வைத்தார். முத்தையா. ரயில்வே துரைமார்கள் வருவார்கள் என்று நம்பி, அதை இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருந்தார்.

கதவை ஒட்டியிருந்த கண்ணாடி ஒடுக்கமானது. எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் எழுத முடியும். மழையில் நனையாமல் உள்பக்கமாக எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போன பெயிண்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுநாள் கடை திறப்பு. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த அக்கா பெரியவளாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, தெருப்பக்கம் வரக்கூடாது. அவள் தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, முக்காலியில் ஏறி நான்தான் கண்ணாடியில் எழுதினேன்.

எட்டு எழுத்து முடிந்தது. அடியில் ‘டெய்லர்’ என்று எழுதவும் இடமிருந்தது. ஆனால் பெயிண்ட் தீர்ந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு பக்கத்துத் துணிக்கடை ராவுத்தர் உள்ளே வந்து பார்த்தார்.

“உள்ள இருந்து எழுதுனா எழுத்தத் திருப்பில்ல எழுதணும்? தெருவுல நின்னு பாத்தா இடம் வலமா மாறித் தெரியுமே.”

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். என்னைத் திட்டவில்லை. “வெளிய போய்ப் பாரும்மா” என்றார்.

வெளியே போனேனே தவிர, தலை நிமிரவில்லை. பெற்றவர் பெயரையே திருப்பி மாட்டிய தையல்காரன் என்று ஊரே அப்பாவைப் பார்த்துச் சிரிக்கப்போகிறது என்று நினைத்தேன். ஒருவழியாக நிமிர்ந்தேன். எம், எம்மாகவே இருந்தது. யூ, டி, எச், ஏ, ஐ, ஒய், ஏ. ஒன்றுகூடத் திரும்பவில்லை. உள்ளே ஓடிப் பார்த்தேன், மறுபடி வெளியே ஓடினேன். இரண்டு பக்கமும் ஒரே பெயர்.

“சரியாத்தாம்ப்பா இருக்கு.”

அப்பா வந்து ஒவ்வொரு எழுத்திலும் விரல் வைத்து, “இது? இது?” என்று கேட்டார். எட்டையும் சொன்னேன்.

“நல்லாப் பாத்துட்டியா?”

“பாத்துட்டேம்ப்பா.”

நீளமாக மூச்சுவிட்டு, துண்டென்று நினைத்துக் கழுத்தில் கிடந்த அளவு நாடாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராவுத்தர் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து, வகுப்பில் டீச்சர் ஓர் எழுத்தின் நடுவே மேலிருந்து கீழாக நேர்க்கோடு கிழித்து, இரண்டு பாதியும் ஒன்றுபோல இருப்பதைக் காட்டியபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. தாத்தா பெயரின் எட்டு எழுத்தும் அந்த ரகம். டெய்லரில் வரும் எல்லும் ஆரும் அப்படியில்லை. பெயிண்ட் தீர்ந்ததற்காக அன்று அழுதேன்; அது தீர்ந்ததுதான் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இன்னொன்று விளங்க மேலும் பல வருடங்கள் ஆயின. அன்று அப்பா என்னைப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னேன். அந்த எட்டில் ஒன்றைக்கூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளை சொன்ன சொல்லை நம்பித்தான் மறுநாள் காலை அவர் கடையைத் திறந்தார்.