பின்னால் ஸ்பீக்கர் இல்லை

இதைப் படித்துவிட்டு "யாரோ கட்டிவிட்ட கதை" என்று ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கிக்கொள்ளலாம். எனக்குக் கவலையில்லை. இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். 2007 ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை, ஆடி அமாவாசை. ஒவ்வொரு சோதனைக்கும் வாட்ச்சைப் பார்த்து நோட்டில் நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். அந்த நோட்டு இன்னும் என் கடை மேஜையில்தான் கிடக்கிறது.

என் பெயர் பரணிதரன். திருத்தணியில் ரயில்வே கேட் பக்கம் ஆம்ப்ளிஃபையர், டிவி ரிப்பேர் செய்யும் கடை. பெரிய சவுண்டு செட் வாங்குகிறவர்கள், வாங்கும் முன் என்னைக் கூட்டிப்போய்க் கேட்டுப் பார்க்கச் சொல்வார்கள். ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன். என் காதைப் பற்றி எனக்கு அவ்வளவு கர்வம். அன்றைக்கு அந்தக் கர்வம் அம்மையார்குப்பத்திலேயே தங்கிவிட்டது.

என்னைக் கூப்பிட்டவர் அம்மையார்குப்பத்துக் கஜபதி. பன்னிரண்டு விசைத்தறி வைத்திருப்பவர், அறுபது வயதுக்கு மேல். ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். நாற்பது வருடம் தறிக்கு நடுவில் நின்றதில் இரண்டு காதும் போய்விட்டன. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். காது மெஷின் வாங்கிப் பார்த்தார். அதில் எந்த நேரமும் தறி ஓடுகிற சத்தம்தான் கேட்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. சாவதற்குள் ஒரு மனுஷக் குரலை மறுபடியும் காதால் கேட்க வேண்டும். தறிகளைப் புதுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கொட்டகையைப் படம் பார்க்கும் அறையாக்கியிருந்தார். பஞ்சு அடைத்து மேலே பலகை அறைந்த சுவர், மெத்தை வைத்துத் தைத்த கனமான கதவு, ஜன்னலே கிடையாது. நடுவில் ஒரு சோபா. டிவிக்குக் கீழே சென்னையிலிருந்து சோதனைக்காக வந்திருந்த அந்தப் பெட்டி.

"படத்துல வாய் அசையுது, அவ்ளோதான். நாலு வார்த்தையாவது கேக்கணும். நீ கேட்டுப் பார்த்து வாங்கலாமா வேணாமான்னு சொல்லு தம்பி" என்றார்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமாக ஒரே கட்டை மாதிரி இருக்கும். ஐந்து ஸ்பீக்கர், ஆறு ஸ்பீக்கர் எல்லாம் கிடையாது. சத்தத்தைச் சுவரில் அடித்துத் திருப்பி, நம் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி காட்டும். பின்னால் ஸ்பீக்கர் இருக்காது, ஆனால் பின்னால் சத்தம் கேட்கும். அதுதான் அதன் பெருமை, விலையும் அதற்குத்தான்.

முதலில் அறையை அளக்க வேண்டும். சோபா மேல் ஒரு சின்ன மைக்கை வைத்துவிட்டு, ஆட்கள் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். பெட்டி உஸ்... உஸ்... என்று சத்தம் அனுப்பி, பின்சுவர் எத்தனை அடி என்று தானே கண்டுபிடித்து டிவியில் காட்டும். அதற்குச் சுற்றுவட்டாரம் அமைதியாக இருக்க வேண்டும். அம்மையார்குப்பத்தில் அமைதி ஏது? கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் பெட்டியும் நிற்குமே. தறிக்காரர்கள் லீவு விடுகிற அமாவாசைதான் ஒரே வழி. அப்படித்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம்.

படையல் முடிந்து சாப்பிட்டோம். ஒரு இலையில் வடைக்குப் பக்கத்தில் புது ரவிக்கைத் துணியும் பூவும் வைத்திருந்தார்கள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நைனாவின் அக்கா கௌரியம்மாள் சாப்பாடு போட்டுவிட்டுக் கோவிலுக்குக் கிளம்பிப் போனார். நைனா முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"உள்ள எதுனா வேணும்னா கத்தாதே. எனக்குக் கேக்காது. கதவாண்ட ஒரு பழைய சுவிட்சு கீது பார், ரெண்டு வாட்டி போட்டு அணை. இங்க பல்பு எரிஞ்சு அணையும். ரெண்டு வாட்டி போட்டா வான்னு அர்த்தம். தறிக்காரங்க பேச்சு அதான்" என்றார்.

என் செல்போனை வெளியில் ஹாலிலேயே வைத்துவிட்டேன். போன் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் டிக்டிக் என்று இரைச்சல் வரும். தொழில் தெரிந்தவன் செய்கிற வேலைதான். அதற்காக என்னை நானே இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மதியம் 1.35. முதல் அளவு. பெட்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்து, மூன்று நிமிடம் கழித்து உள்ளே போனேன். பின்சுவர் பதினாறு அடி என்று காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. டேப் வைத்து அளந்தேன். இருபத்திரண்டு அடி. இவ்வளவு விலை வாங்குகிற பெட்டிக்கு ஒரு சுவரை அளக்கத் தெரியவில்லையே என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

1.50. இரண்டாவது அளவு. பதினான்கு அடி.

மைக் வயரை மாற்றினேன். சோபாவைத் தட்டிச் சரிசெய்தேன். அறையில் லேசாகக் கஞ்சி வாடை அடித்தது. பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி. பழைய தறிக் கொட்டகைதானே, வாடை எப்படிப் போகும் என்று விட்டுவிட்டேன்.

2.05. மூன்றாவது அளவு. பன்னிரண்டு அடி.

சோபா பெட்டியிலிருந்து பதினோராவது அடியில் இருந்தது. அதாவது, சோபாவுக்கு ஒரு அடி பின்னால் ஏதோ ஒன்று சத்தத்தை மறித்துக்கொண்டு நிற்கிறது.

திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் தரை.

பெட்டியில் கோளாறு என்று எழுதிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். என் திமிர் விடவில்லை. கேட்டே பார்த்துவிடலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு, சோதனை டிஸ்க்கைப் போட்டு, சோபாவில் உட்கார்ந்தேன்.

2.20. மழைச் சத்தம். உண்மையிலேயே அருமையாக இருந்தது. முன்னால் இடி. இடது பக்கம் ஓட்டில் தண்ணீர். முதுகுக்குப் பின்னால் தூறல். கண்ணை மூடிக்கொண்டேன்.

2.26. தூறலுக்குள் வேறொரு சத்தம் வந்தது.

டக்கு... டக்கு... டக்கு... டக்கு...

தறி. புதுக் கொட்டகையில் யாராவது ஓட்டுகிறார்களோ என்று நினைத்தேன். ஆனால் அமாவாசை. தவிர, அங்கே ஒரு தறி ஓடினாலும் இந்தச் சுவரைத் தாண்டி இவ்வளவு தெளிவாகக் கேட்காது.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுசாக அணைத்தேன்.

மழை நின்றது.

தறி நிற்கவில்லை.

டக்கு... டக்கு... டக்கு... டக்கு...

பின்னால்தான். என் தலைக்கு நேர் பின்னால். அங்கே ஸ்பீக்கர் இல்லை. முன்னால் இருக்கிற பெட்டியும் ஊமையாகிவிட்டது. பிறகு எது ஓடுகிறது?

பொய் சொல்லவில்லை, பயந்துவிட்டேன். எழுந்து கதவுக்கு ஓடினேன். கைப்பிடியை இழுத்தேன். அது கையோடு கழன்று வந்துவிட்டது. உள்ளே இருந்த கம்பி வெளிப்பக்கமாக விழுகிற சத்தம் கேட்டது.

கதவைத் தட்டினேன். மெத்தைதான் அமுங்கியது.

"நைனா... நைனா..."

யாரைக் கூப்பிடுகிறேன்? காது கேட்காத மனிதரை.

2.31. சுவிட்சைத் தேடிப் பிடித்தேன். இரண்டு தடவை போட்டு அணைத்தேன். காத்திருந்தேன்.

யாரும் வரவில்லை.

மறுபடி இரண்டு தடவை. காத்திருந்தேன். தறி இன்னும் வேகமாக ஓடியது. அதற்கு நடுவில் இன்னொரு சத்தம்... டிக். டிக். டிக். டிக். சுவிட்ச் போடுகிற சத்தம்.

என் கை சுவிட்சின் மேல் இல்லை.

2.33. கரண்ட் போய்விட்டது.

இருட்டு என்றால் அப்படியொரு இருட்டு. வாட்ச்சின் சின்ன விளக்கு மட்டும்தான் என்னிடம் இருந்தது. தறி உடனே நிற்கவில்லை. கரண்ட் போனால் தறி எப்படித் தளருமோ, அப்படியே தளர்ந்தது. டக்கு... டக்... டக்... ட...

நின்றது.

கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். முருகா என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

கஞ்சி வாடை மூக்குக்குப் பக்கத்தில் வந்தது.

யாரோ மூச்சு வாங்குகிறார்கள். ஓடி வந்தவர் மாதிரி இல்லை. கழுத்தைப் பிடித்து இறுக்கி, அப்போதுதான் விட்ட மாதிரி.

என் முதுகுக்குப் பின்னால் கதவுதான் இருக்கிறது. ஆனால் குரல் பின்னாலிருந்துதான் வந்தது. பெண் குரல். மிகவும் மெதுவாக.

"நிறுத்திட்டாரா?"



"நிறுத்திட்டாரா?"

என்ன சொல்வேன்? யார், எதை நிறுத்த வேண்டும்? எனக்கு என்ன தெரியும்?

2.40... கேட்டாள்.

2.47... கேட்டாள்.

2.52.

3.05-க்குக் கதவு திறந்தது.

கோவிலிலிருந்து திரும்பிய கௌரியம்மாள், கீழே கிடந்த கம்பியைப் பார்த்து எடுத்துச் சொருகித் திறந்திருக்கிறார். நான் அப்படியே அவர் காலடியில் விழுந்தேன். தண்ணீர் கொடுத்தார். என் பல் டம்ளரில் அடித்துக்கொண்டது.

நைனா மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

அவருக்கு எதிரில் போய் நின்று கேட்டேன். "ரெண்டு வாட்டி போட்டேனே நைனா. ஏன் வரல?"

"ரெண்டு வாட்டியா?" என்றார். "ரெண்டு வாட்டி போட்டிருந்தா வந்திருப்பேனே தம்பி. பல்பு விடாம இல்ல அடிச்சுது? எரியுது, அணையுது, எரியுது, அணையுது... நிக்கவே இல்ல. அதான் மெயினை அணைச்சுட்டேன். கொட்டாய் பக்கம் வர தைரியம் வரல."

கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மீதியைச் சமையலறையில் வைத்துக் கௌரியம்மாள்தான் சொன்னார்.

"அவன் பொண்டாட்டி வரலட்சுமி. பதினோரு வருஷம் ஆச்சுப்பா. அந்தக் கொட்டாய்லதான். முந்தானை தறி பெல்ட்டுல மாட்டிகினு கழுத்தை இறுக்கிச்சு. தறியை நிறுத்தற ஸ்டார்ட்டர் அந்தாண்ட, கைக்கு எட்டல. லைட்டு சுவிட்சு மட்டும்தான் எட்டிச்சு. பாவம், பயத்துல ரெண்டு வாட்டியோட நிறுத்தாம போட்டுகினே இருந்தா. ரெண்டு வாட்டின்னா ஓடிப் போயிருப்பான். விடாம அடிக்கவும், வோல்டேஜு ஆடுதுன்னு நினைச்சுகினு இவன் இங்கியே உக்காந்துட்டான்."

"மெயினை..."

"ஆங். மெயினை அணைச்சிருந்தா தறி நின்னிருக்கும். அவ பொழைச்சிருப்பா. அன்னிலேர்ந்து பல்பு லேசா ஆடினாலும் ஓடிப் போய் மெயினை அணைச்சுடறான்."

எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அந்த அறைக்குள் என்ன கேட்டேன் என்று கௌரியம்மாள் இரண்டு தடவை விசாரித்தார். தறிச் சத்தம் கேட்டது என்று மட்டும் சொன்னேன். குரலைப் பற்றி மூச்சு விடவில்லை. அவரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து என் மனைவியிடமும் சொல்லவில்லை. நோட்டில்கூட அந்தச் சொல்லை எழுதவில்லை. கிளம்பும்போது நைனாவின் தோளைத் தொட்டுத் திருப்பி, "அந்தப் பெட்டி வேணாம் நைனா. கோளாறு. திருப்பி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை 10.15-க்கு நைனா என் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கண்ணில் தூக்கமே இல்லை.

"வாங்கிட்டேன் தம்பி" என்றார்.

"எதுக்கு நைனா? அதுல உங்களுக்கு என்ன கேக்குது?"

"படத்துல ஒண்ணும் கேக்கல. வாய்தான் அசையுது. ஆனா பின்னாடி கேக்குது."

நான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"அவதான். நல்லாக் கேக்குது. நீ பேசறதுகூட எனக்குக் கேக்கல, அவ பேசறது கேக்குது. தெனமும் அந்த நேரத்துக்கு மெயினை அணைச்சுட்டு உள்ள போய் உக்காந்துக்கறேன். 'நிறுத்திட்டாரா, நிறுத்திட்டாரா'ன்னு கேட்டுகினே கீறா. நிறுத்திட்டேன் லட்சுமி, நிறுத்திட்டேன்னு நானும் தொண்டை கிழியக் கத்தறேன்."

மேஜையில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லிட்டிருந்தது.

"அவளுக்குத்தான் கேக்க மாட்டேங்குது தம்பி. பெட்டியில அதுக்கு எதுனா செய்ய முடியுமா?"



அவள் கேட்டது என்ன என்று நான் யாரிடமும் சொல்லவே இல்லை.