பதினெட்டாம் நாள் பாய்ச்சல்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு வழங்கிய பெயர் ரசமட்டம். பெற்றோர் வைத்த பெயரை மின்சார ரசீது மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. தொழில், லிஃப்ட் மெக்கானிக். யாரோ செய்த லிஃப்டை யாரோ கெடுத்த பிறகு போய்ச் சரிசெய்வதே இருபத்தெட்டு ஆண்டுப் பிழைப்பு. மட்டம் பார்க்க, நடுவில் குமிழி ஓடும் சின்ன ரசமட்டம் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். விருந்துக்குப் போன வீட்டில் சுவர்ப்படம் அரை விரல் சாய்ந்திருந்தால் போதும், அவருக்குச் சாப்பாடு இறங்காது.

தானே வரைந்து, தானே செய்த ஓர் இயந்திரம் ஓடிப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. மகள் வேலை கிடைத்து வேறூர் போனதும் அவள் அறை காலியானது. அதில் மண்ணில்லாத் தோட்டம் போட்டார். நாலங்குல பி.வி.சி. குழாய்கள் ஆறு, சுவரோரம் ஏணிப்படிபோல. குழாயின் முதுகில் சாண் இடைவெளியில் துளைகள், ஒவ்வொன்றிலும் வலைக்கிண்ணம், கிண்ணத்தில் ஸ்பாஞ்ச், அதில் கீரை விதை. கீழே தொட்டியில் உரம் கரைத்த தண்ணீர். பம்பு அதை உச்சிக் குழாய்க்கு ஏற்றும்; அது குழாய் குழாயாக இறங்கித் தொட்டிக்கே திரும்பும். சூரியன் வேலையை ஊதா விளக்கு பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு கிளாம்பையும் ரசமட்டக் குமிழி நட்டநடுவில் நின்ற பிறகே முறுக்கினார்.

முதல் ஈடு இருபதாம் நாள் அழுகியது. இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்றாம் நாள் எழுந்து உர அளவை மாற்றினார். இரண்டாம் ஈட்டில் நடந்தது அதிசயம். பதினேழு நாள் சவலையாக நின்ற செடி, பதினெட்டாம் நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் நாலு விரல் வளர்ந்து தளதளவென்று நின்றது. மூன்றாம் ஈட்டிலும், அதற்கடுத்த ஈடுகளிலும் அப்படியே. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் ‘பதினெட்டாம் நாள் பாய்ச்சல்’ என்று பெயர் சூட்டி, நோட்டில் வரைபடம் போட்டு, காரணமும் கண்டுபிடித்தார். பழுதான லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதவிடுக்கு வழியாக அதை முழுவதும் விளக்கிவிட்டுத்தான் வெளியே விடுவார். கேட்டவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் அவருக்கிருந்த ஒரே குறை, சொந்தக் குடியிருப்பின் லிஃப்ட் கதவுத் தடத்தில் அடிக்கடி மண் சேர்வது. பால்கனியில் தொட்டிச்செடி வைத்திருந்தது நாலாம் மாடி நர்ஸ்தான். “உங்க தோட்ட ஆசைக்கு என் லிஃப்ட் பல்லுல மண்ணா?” என்று பிடித்துக் காய்ச்சினார். நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, “சாரி சார்” என்றாள்.

தோட்டத்தின் புகழ் குடியிருப்புச் சங்கம்வரை போனது. ஞாயிறு காலை பத்து மணிக்குச் செயலாளர் நேரில் வந்து பார்ப்பார். பிடித்துவிட்டால் மேல்மாடியில் சும்மா கிடக்கும் ஹாலில் இவர் வரைந்தபடி அறுபது குழாய். வாசலில் அந்த வரைபடம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும். இருபத்தெட்டு ஆண்டுகளில் முதல்முறையாக, அவர் செய்த ஒன்றைப் பிறர் ஓட்டப்போகிறார்கள்.

ஞாயிறு எட்டு மணிக்குப் பம்பு முனகியது. வடிகட்டியைக் கழற்றினார். உள்ளே நெளிந்தது ஒரு மண்புழு.

அதை ஒரு டம்ளரில் போட்டு அடுக்களைக்கு எடுத்துப் போனார்.

“இது என்ன?”

“புழு.”

“என்ன புழு?”

“காலங்காத்தால பரீட்சை வெக்கிறீங்களே! மண்புழு.”

“மண்ணு எங்க இருக்கு?”

மனைவி அடுப்பை அணைத்தாள். உண்மை சொல்லப்போகிறாள் என்றால் அடுப்பை அணைத்துவிடுவது அவள் வழக்கம்.

“நாலாம் மாடில” என்றாள்.

அவர் விதை போடும் அதே நாளில் அவளும் நர்ஸின் பால்கனித் தொட்டியில் போடுவாளாம். பதினெட்டாம் நாள் அவர் வேலைக்குக் கிளம்பியதும் அவருடைய செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தன் செடிகளின் வேரை மூன்று தண்ணீரில் அலசி, ஸ்பாஞ்ச் சுற்றிக் கிண்ணத்தில் உட்காரவைப்பாளாம். அவை வாடத் தொடங்குமுன் அவரே அறுத்துவிடுவார்.

“அப்ப அந்தப் பாய்ச்சல்?”

“நான்தாங்க.”

“எட்டு மாசமா?”

“ஏழரை.”

“மண்ணை யாரு தூக்கிட்டு வந்தா?”

“வாட்ச்மேன்.”

“எதுல?”

“லிஃப்ட்லதான். பாவம், மூட்டையோட நாலு மாடி ஏறுவாரா?”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தன் லிஃப்டுமா?

“பொண்ணுக்குத் தெரியுமா?”

“யோசனையே அவளோடதுதான்.”

“என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!”

“தலையில எங்க போட்டேன்? தொட்டியிலதான் போட்டேன்” என்றவள் சட்டென்று குரலைத் தணித்தாள். “மொத ஈடு அழுகினப்போ சுவரைப் பாத்துப் படுத்தீங்களே. திரும்பவும் அப்படிப் படுத்தா எந்திரிக்கவே மாட்டீங்களோன்னு பயந்துட்டேங்க.” கொஞ்சம் யோசித்து, “அதோட, நீங்க அந்த ரூமுக்குள்ளயே கிடந்த இந்த ஏழரை மாசந்தான் என் மிக்ஸிய யாரும் கழட்டிப் பாக்கல.”

இரண்டில் எது நிஜக் காரணம் என்று கேட்டால், இரண்டும்தான் என்று அவள் சத்தியம் செய்வாள்.

“அடுத்த ஈடும் சாகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஏன் சாகுதுன்னு பாத்திருப்பேன்ல? என்னைத் தோக்கக்கூட விடலையேம்மா நீ” என்றார்.

அவள் அணைத்த அடுப்பைத் துடைத்தாள்.

பத்து மணிக்குச் செயலாளர் வந்தார். அறைக்குள் நுழைந்ததும் “அடடா!” என்றார். ரசமட்டம் அவரைத் தடுத்தார்.

“சார், செடி என் வீட்டுக்காரியோடது. மண்ணு நாலாம் மாடி. தூக்கினது வாட்ச்மேன். குழாய் மட்டுந்தான் என்னோடது. அதுல ஒண்ணும் வளரல.”

செயலாளர் தலையைச் சொறிந்தார். “அது தெரியும் சார். மிச்சக் கீரைய அக்கா எங்க வீட்டுக்குத்தானே குடுப்பாங்க. ஆனா குழாய் பாக்க ஜோரா இருக்குல்ல? பச்சைப் பெயிண்ட் அடிச்சு, பிளாஸ்டிக் செடி வெச்சுட்டா...”

“படி அந்தப் பக்கம் இருக்கு சார்” என்றார் ரசமட்டம். லிஃப்டைக் காட்டவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு எல்லாச் செடிகளையும் பிடுங்கினார். குழாய்க்குள் கைவிட்டால் கறுத்த கொழகொழப்பு, நாற்றம். தண்ணீர் ஊர்ந்ததே தவிர ஓடவில்லை. வேர்கள் மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன. பழக்கதோஷத்தில் ரசமட்டத்தை எடுத்துக் குழாய்மேல் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. அதையே வெகுநேரம் பார்த்தார். சரிவே இல்லாத குழாயில் தண்ணீர் எங்கே ஓடும்? ஒரு முனைக் கிளாம்பைத் தளர்த்தி, இரண்டு விரல் இறக்கினார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. பார்க்கவே பல் கூசியது. தண்ணீர் சலசலவென்று இறங்கியது. முதல் ஈட்டோடு கண்டுபிடித்திருக்க வேண்டியது.

புது விதை போட்டார்; அறைக்குப் பூட்டு வந்தது. சாவி சட்டைப்பையில், ரசமட்டத்தின் பக்கத்தில். மனைவியிடம் பேசினார், சாப்பிட்டார், மிக்ஸியைக் கழற்றினார். அறையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பதினெட்டாம் நாள் எந்தப் பாய்ச்சலும் இல்லை. அன்றும் செடி வழக்கம்போல அரை விரல் வளர்ந்தது, அவ்வளவுதான். இருபத்தாறாம் நாள் ஒரு பிடி கீரையை அறுத்து வந்து அடுக்களை மேடையில் வைத்தார்.

அவள் எடுத்துப் பார்த்தாள். புரட்டினாள். தண்டைச் சுற்றிக் கடைக்காரன் போடும் ரப்பர்பேண்டின் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவினாள்.

“ரொம்ப நல்லா வந்திருக்குங்க” என்றாள். ஏழரை மாதம் சொன்ன அதே குரல்.

“கடையில வாங்கல.”

“நான் கேக்கவே இல்லையே.”

கதவைத் திறந்து அந்த வெள்ளை வேர்களைக் காட்டியிருக்கலாம். கை சாவிவரை போனது, எடுக்கவில்லை. இறங்கிப்போய் லிஃப்டைத் திறந்து, கதவுத் தடத்தை விரலால் வழித்துப் பார்த்தார். ஒரு துகள் மண் இல்லை; இந்த ஈடு அவருடையதேதான். அதை வந்து பார்க்கும்படி வீட்டில் யாரையும் கூப்பிடவில்லை.