சந்தன மொட்டை

மாமாவுக்கு மொட்டை கொஞ்சமும் பொருந்தாது. காது இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஆனாலும் எனக்காகப் போட்டுக்கொண்டார். இரண்டாம் வகுப்பில் நான் டெங்குவில் கிடந்தபோது, அம்மாவின் தம்பியான அவர் திருப்பரங்குன்றத்து முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாராம். அப்போது அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டுதலுக்கு நேரம் பார்த்தான் பார் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருமங்கலத்திலிருந்து என்னைப் பைக்கில் கூட்டிப்போனார். தெருமுனைக் கடைக்குக்கூட ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போகிறவர் மாமா. அதற்காகவே கூட்டாளிகளிடம் கேலி வாங்குவார். முடி இறக்கி, குளித்து, தலை நிறையச் சந்தனம் பூசி, சாமி கும்பிட்டுவிட்டு வந்தோம். வழக்கம்போல ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

"போடாத மாமா, சந்தனம் அழிஞ்சிரும். அம்மாட்ட காட்டணும்ல."

வண்டிக் கண்ணாடியில் தலையைப் பார்த்தார். சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. "அதுஞ்சரிதான். இம்புட்டு அழகையும் எங்கக்கா பாக்க வேணாமா?" என்று சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை என் மடியில் வைத்தார்.

திருமங்கலத்துக்குள் நுழையும்போது ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக் பிடித்ததில் வண்டி சரிந்தது. நான் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்தபடியே ஓரத்து மணலில் விழுந்தேன். மாமாவின் தலை தார் ரோட்டில் மோதியது. எழுந்து வந்தவருக்கு ஒரு சொட்டு ரத்தமில்லை. காதுக்கு மேலே சந்தனம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"பாப்பா, ஒனக்கு எங்கயும் அடிபட்டுச்சா?"

"இல்ல மாமா."

"அக்காட்ட சொல்லிராத. ஊரக் கூட்டிரும்."

வழியில் டீக்கடையில் நிறுத்தி எனக்குப் பால் வாங்கித் தந்தார். பாதி குடித்திருப்பேன், "பாப்பா, ஒனக்கு எங்கயும் அடிபட்டுச்சா?" என்றார். இல்லை என்றேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். ஒரே ஜோக்கைப் பத்துத் தடவை சொல்கிற மனிதர் அவர். "போ மாமா, வெளையாடாத" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

தலை வலிக்கிறது என்று படுத்தார். வெயில்ல அலைஞ்சது, தூங்கட்டும் என்றாள் அம்மா. நானும் வாயைத் திறக்கவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுவதில் எனக்குப் பெருமை வேறு. சாயங்காலம் எழுந்து வாந்தியெடுத்தார். அம்மாவை யாரோ போலப் பார்த்தார். அப்புறம்தான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எனக்காகப் பக்கத்து வீட்டு அத்தை கொடுத்துவிட்ட டிபன் பாக்ஸ் அம்மாவின் கையில் இருந்தது. டாக்டர் அதைக் காட்டித்தான் விளக்கினார்.

"இது கீழ விழுந்தா டப்பா நெளியாமலே இருக்கலாம். உள்ள தயிர் இருந்தா அது ஒடஞ்சு கலங்கிரும்ல? அப்படித்தாம்மா. மண்ட ஓட்டுக்கு ஒண்ணும் ஆகல. மூளை உள்ளயே போய் மோதியிருக்கு. ரத்தம் கொஞ்சங் கொஞ்சமாக் கசிஞ்சு இப்ப மூளைய அமுக்குது."

உடனே ஆபரேஷன் என்றார்கள். ஏற்கெனவே மொட்டை என்பதால் முடி எடுக்கிற வேலை மட்டும் அவர்களுக்கு மிச்சமானது. நர்ஸ் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு உள்ளே தள்ளிப்போனார்.

மாமா பிழைத்தார். ஆனால் போனவர் அப்படியே திரும்பி வரவில்லை. இன்றும் பேச்சின் நடுவே சொல்லைத் தேடுவார், குக்கர் விசில் சத்தத்துக்குக்கூடக் கோபப்படுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நினைவில் இல்லவே இல்லை. காலேஜ் சேர்ந்த பிறகு ஒருநாள், ஹெல்மெட் வேண்டாம் என்றது நான்தான் மாமா என்று சொல்லி அழுதேன். "மொட்டை எனக்கு நல்லாருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ரொம்ப நல்லா இருந்துச்சு என்று பொய் சொன்னேன்.

கோயில், நாய், விழுந்தது என்று அன்றைக்கு அவருக்குள்ளிருந்து எல்லாமே நழுவிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அடிபட்டதா என்ற கவலை மட்டும் நழுவவில்லை. அது விளையாட்டில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாவது தடவை கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை.