சவுனா பூட்டின் ஒரே கேள்வி

பின்லாந்தின் தம்பெரே நகரில், எங்கள் குடியிருப்பின் முற்றத்தில் உள்ள பொது நீராவிக் குளியலறையான சவுனாவுக்குக் கம்பியில்லாப் பூட்டு பொருத்தியவள் மூன்றாம் மாடி பிர்யோ. பூட்டுக்குள் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது எழுதிவைத்த விதிப்படி தானே இயங்கும் நிரல். எந்த வீட்டுக்கு எப்போது குளிக்கும் முறை என்று குறித்து வைத்திருப்பது அதுபோன்ற இன்னொன்று. விரல் வைத்தால் முதலாவது இரண்டாவதை விசாரித்துக் கதவைத் திறக்கும். ஆனால் வாராவாரம் பேட்டரி செத்தது.

அந்த வெள்ளிக்கிழமை பனியில் துண்டோடு நின்ற குடியிருப்புத் தலைவர் கெய்யோ கத்தினார்: "ஏம்மா, உன் பூட்டு செத்துப்போச்சு, அடுத்தது நான்தான்! இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கழட்டி எறிஞ்சிட்டுப் பழைய சாவிக்கே போயிருவோம்."

பிர்யோ புது பேட்டரியைப் போட்டாள். "உங்களுக்கு அடுத்து யாரு?"

"இப்ப என் முறை. மத்தவங்க முறை உனக்கெதுக்கு?"

அவள் கை நின்றது. பூட்டு ஒவ்வொரு தடவையும் எல்லா வீட்டு முறைகளையும் அல்லவா வரவழைத்துப் பார்க்கிறது! பேட்டரியைத் தின்பது அதுதான்.

"அதானே! எனக்கெதுக்கு?" என்று கூவியபடி நிரலை மாற்றி எழுத வீட்டுக்கு ஓடினாள். அவளுடைய ஒற்றைச் செருப்பு பனியிலேயே கிடந்தது.

இப்போது பூட்டு கேட்பது ஒன்றுதான்: இது இவர் முறையா? பதில், ஆம் அல்லது இல்லை. குளிர்காலம் முழுக்க அதே பேட்டரி ஓடியது.

"யோசனை என்னோடது" என்று கெய்யோ சவுனாவில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறார். பிர்யோ மறுப்பதில்லை, செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான்.