நோஞ்சான் மரத்தின் காய்ப்பு

என் கணவர் காய் எண்ணிச் சம்பளம் வாங்கியவர். சொன்னால் சிரிப்பார்கள். தோட்டக்கலை அலுவலகத்தில் அவருக்கு அதுதான் வேலை. வட்டாரத்தில் எவ்வளவு மா, எவ்வளவு கொய்யா விளையும், போன வருஷத்தைவிடக் கூடுமா குறையுமா என்று பருவத்துக்கு முன்பே கணித்துச் சொல்ல வேண்டும். எண்ணப்போகும் மரத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார். மொட்டை மரம் வந்தாலும் அதைத்தான் எண்ணுவார். நல்ல மரமாகப் பார்த்து எண்ணுங்கள், இது எங்களுக்கே அவமானம் என்று தோட்டக்காரர்கள் கெஞ்சுவார்கள். மரமே வெட்கப்படாமல் நிற்கிறது, உங்களுக்கு என்ன என்பார்.

வீட்டிலும் அப்படித்தான். திராட்சைக் கொத்தைத் தூக்கிப் பார்த்து ஒரு எண் சொல்லுவார். நான் கழுவும்போது எண்ணிச் சரிபார்க்க வேண்டும். குறைந்தால், நடுவில் நான் தின்றுவிட்டேன் என்று சாதிப்பார்.

அவருடைய அண்ணன் மனைவியை நான் அக்கா என்பேன். அண்ணன் இறந்தபின் மாந்தோப்பை அக்காதான் தனியாகப் பார்த்துக்கொண்டார். இரண்டு வருஷம் தொடர்ந்து தோப்பு கைவிட்டது. மா ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்தால் மறு வருஷம் ஓய்வெடுக்கும், அது பழகியதுதான். ஆனால் அதற்கடுத்த வருஷமும் பூத்த நேரத்தில் மழை பிடித்து, பூவெல்லாம் கொட்டிவிட்டது. அலுவலகத்தில் வரைந்த விளைச்சல் கோடும் கீழேதான் இறங்கியது. அக்கா மனம் வெறுத்து, மரம் அறுப்பவரிடம் பேசிவிட்டார்.

இவர்தான் போய்த் தடுத்தார். ஒரு வருஷம் ஓய்வு, ஒரு வருஷம் மழை, இதைச் சரிவு என்று சொல்லக் கூடாது, இன்னும் ஒரு பருவம் பொறுங்கள் என்றார். அக்கா பொறுத்தார்.

அந்தப் பருவம் வருவதற்குள் இவருக்கு நுரையீரலில் நோய். படுத்த படுக்கையில் அவர் விசாரித்ததெல்லாம் தோப்பைத்தான். தன் பேச்சைக் கேட்டு அண்ணி மோசம்போய்விடக் கூடாதே என்ற கவலை அவரைத் தூங்கவிடவில்லை.

காய் எலுமிச்சை அளவு வந்ததும் காரில் கூட்டிப்போனேன். அக்கா தோப்புக்குள் நாற்காலி போட்டு வைத்திருந்தார். சீட்டை இவரே எடுத்தார். வந்தது வேலியோரத்து மரம், தோப்பிலேயே நோஞ்சான். இன்றைக்கு ஒரு நாளாவது வேறு சீட்டு எடுக்கக் கூடாதா என்று அக்கா கேட்டார். இவர் மாட்டேன் என்று தலையாட்டினார்.

மரத்தைக் கயிற்றால் நாலு பங்காகப் பிரிப்பது அவர் வழக்கம். ஒவ்வொரு பங்கையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முன்னால் சொன்னால் ஒருவர் எண் மற்றவரை இழுத்துவிடுமாம். அன்றைக்கு எண்ணியது அக்காவும் நானும். முதல் பங்கு முடிந்ததும், எண்ணைக் கூட்டிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. உள்ளதையே சொன்னேன். அக்கா சொன்னது அதைப்போல ஒன்றரை மடங்கு.

இவர் அக்காவையே பார்த்தார். "எனக்காகக் காயை ஒட்ட வைக்காதீங்க அண்ணி. திரும்ப எண்ணுங்க."

அக்கா திரும்ப எண்ணினார். இந்த முறை என்னுடையதோடு ஒத்துப்போனது. அந்த ஒரு பங்கை வைத்தே கண்ணை மூடி மனக்கணக்குப் போட்டார் இவர். நல்ல வருஷத்து அளவு இல்லை. ஆனாலும் இந்த மரத்துக்கு இது அதிகம்.

"கீழே போகல அண்ணி. ஏறி இறங்குது, அவ்வளவுதான். வெட்ட வேண்டாம்."

"வெட்ட வேண்டாம்னு மரம் அறுக்கிறவருக்குப் போன மாசமே சொல்லி அனுப்பிட்டேன் தம்பி," என்றார் அக்கா, முந்தானையால் கையைத் துடைத்தபடி. "அதைச் சொன்னா நீங்க வராம இருந்துடுவீங்களோன்னுதான் வாயைத் திறக்கல."

சிரிக்கப்போய் இருமல் வந்துவிட்டது அவருக்கு. அது அடங்கும்வரை முதுகைத் தடவினேன். தண்ணீர் குடித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்து, இன்னும் மூன்று பங்கு பாக்கி இருக்கிறதே, நிற்கிறீர்களே என்றார். வெயில் ஏறுவதற்குள் எண்ணி முடித்தோம்.